செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், படுக்கையில் இருப்பவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அக்காமார்கள், அண்ணன்மார்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக நாம் நடத்திய வகுப்புகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் முதல் வகுப்புக்கு 'கடைசிக் காலத் திட்டமிடல்' என்று நோட்டீஸ் அடித்தோம், ஆள் வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே என்ன இந்த அச்சானியப் பேச்சு என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார். அடுத்த தடவை நோட்டீஸை மாற்றி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதில் தொடங்கினோம், பேச்சு தானாகவே அங்கே வந்து சேர்ந்தது. ராவுத்தர் வீட்டு அக்கா, உயிர் பிரியும் நேரத்தில் கலிமா சொல்லிக் கொடுக்க யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மாமனாரிடமே கேட்டுவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலுக்குப் பாதிரியாரை எப்போது அழைப்பது என்று கேட்டார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான், உயிர் சொந்த வீட்டில் போக வேண்டும்.

கடும் வலிக்குத் தரும் மார்பின் மருந்தைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் வலிதான் குறையும், மலச்சிக்கலுக்குச் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்று பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது வலி தணிப்பு சிகிச்சை பார்க்கும் நர்ஸ், விளக்கினார். கேரள அரசு 2008லேயே இந்தப் பாலியேட்டிவ் சிகிச்சைக்குக் கொள்கை கொண்டுவந்தது, பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆனால் தாள்கள் மலையாளத்தில் இருப்பதால் நம்மில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம், அதை நாம்தான் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

என் அப்பாவைக் கோவையில் ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தபோது, வென்டிலேட்டர் வைக்கலாமா என்று உடனே பதில் கேட்டார்கள். அண்ணன் வேண்டும் என்றார், நான் வேண்டாம் என்றேன், அப்பா என்ன நினைத்தார் என்று இருவருக்குமே தெரியாது, இன்றுவரை அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் லிவிங் வில், அதாவது கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2018ல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது, 2023ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. ஆனால் எழுதுபவர் சுயநினைவோடு இருக்கும்போதே எழுத வேண்டும். அப்புறம், ஒரு நகலை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள், பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

வரும் ஆண்டில் வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் போக வேண்டும். மண்டபம் வேண்டாம், நிழலான ஒரு வீட்டுத் திண்ணை போதும். தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்