செயலர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் மாதக் கூட்டங்களும் எழும்பூர் அருங்காட்சியகப் பயணமும் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் உண்டு. இந்த ஆண்டின் பெரிய வேலை, வகுப்பில் மாணவர் சோதித்துப் பார்க்கும் கனிமப் பெட்டிதான்.

பெட்டியில் 8 மாதிரிகள்: மாக்கல், ஜிப்சம், கால்சைட், சேலம் மேக்னசைட், பெல்ஸ்பார், குவார்ட்ஸ், மேக்னடைட், ஹெமடைட். வெள்ளைக் கற்கள் நான்கை வேண்டுமென்றேதான் சேர்த்தோம். நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. நகம் கீறினால் ஜிப்சம். வினிகர் சொட்டில் நுரைத்தால் கால்சைட். மீதி இரண்டில், கண்ணாடியைக் கீறுவது குவார்ட்ஸ். மேக்னசைட் வழுக்கிப் போகும். ஆனால் சிலிக்கா கலந்த மேக்னசைட் துண்டும் கீறிவிடும் என்பதால், பெட்டியில் போடும் முன் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

கடை வினிகர் வலுக் குறைந்தது. ஆணியால் கல்லைச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் விட்டு, லென்ஸில் பார்த்தால்தான் நுரை தெரியும். ஒரே பையில் கற்கள் உரசினால் கால்சைட் தூள் மற்றவற்றில் ஒட்டி, எல்லாமே நுரைக்கும். கழுவிக் காயவைத்துத் தனித்தனிப் பையில் போடுங்கள். அமிலம் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்: 3 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கண்ணாடித் துண்டு மேசையில் படுத்தே இருக்க வேண்டும், கையில் பிடிக்கக் கூடாது. குவார்ட்ஸில் ஆணியை இழுத்தால் விழும் சாம்பல் கோடு கீறல் அல்ல, ஆணியின் இரும்பு. ஈர விரலால் தேய்த்தால் போய்விடும்.

கல்லை டைலின் மெருகில்லாப் பின்புறத்தில் தேய்த்துத் தூள் நிறம் பார்க்க டைல்ஸ் கடை உடைசலே போதும். ஆனால் சுவர் டைல்ஸ் பலவற்றின் பின்புறம் காவி நிறம். ஹெமடைட்டின் செம்பழுப்புத் தூள் அதில் தெரியாது. பின்புறம் வெள்ளையாக இருப்பதைப் பொறுக்குங்கள். குவார்ட்ஸ் தேய்த்து விழும் வெள்ளைத் தூள் டைலின் தூள்தான். துடைத்தால் டைலில் பள்ளம் தெரியும்.

அடர்த்திச் சோதனைதான் அதிகம் சொதப்புகிறது. கல்லின் எடையை, தண்ணீரில் குறையும் எடையால் வகுக்க வேண்டும். 5 கிராம் கோடுள்ள சுருள்வில் தராசில் 40 கிராம் குவார்ட்ஸைத் தண்ணீரில் தொங்கவிட்டால் குறைவது 15 கிராம், அதாவது மூன்றே கோடு. ஒரு கோடு தப்பாகப் படித்தால் 2.65 வரவேண்டிய இடத்தில் 4 வந்து நிற்கும். கல் 150 கிராமாவது இருக்கட்டும். பாத்திரத்தில் முட்டக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது.

ரோட்டு ஜல்லியைக் கொண்டுவந்து “இது என்ன கனிமம் சார்?” என்று கேட்காத வகுப்பே இல்லை. விரட்ட வேண்டாம். நம்மூர்க் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட், பல கனிமங்கள் கலந்த பாறை, பரங்கிமலையே அதுதான். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே வகை என்பதால் 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் தனித்தனியே தெரியும்; பாறைக்கும் கனிமத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அரை வகுப்பு மிச்சம்.

அடுத்த ஆண்டுக்கு வெள்ளை டைல் துண்டுகளும் 150 கிராமுக்குக் குறையாத மேக்னடைட் கற்களும் தேவை. வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலர்