சித்திர வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாள்தோறும் சிறிது நேரமாவது சித்திரக் கொப்பியில் வரைவது, வரைவதற்கான காட்சிகளைக் குடும்பத்தோடு சென்றுவரும் இடங்களிலேயே தேடுவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானமே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக அமைந்தது. வெள்ளவத்தையில் மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

கூட்டங்களுக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை காலிமுகத்திடலில் பிறந்தவை. அங்குள்ள நடைபாதையை 1859இல் நிறைவுசெய்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலன் கருதி அதைத் தமக்குப் பின்வருவோரின் பொறுப்பில் விடுவதாகக் கல்வெட்டில் பொறித்தார். தகப்பனின் கையிலிருந்து பட்டத்து நூலைப் பறிக்கும் பிள்ளையையும், இறால் வடைத் தட்டைச் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் எம்மவர் படங்களில் பார்க்கையில், அந்த எண்ணம் வீண்போகவில்லை என்று மனம் நிறைந்தது.

பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் கொழும்பில் அந்தி வெளிச்சம் விரைவில் மறைந்துவிடும். ஆகவே நிழல் விழும் பகுதிகளை முதலில் பென்சிலால் குறித்து, வானத்தின் நிறத்தை ஓரத்தில் எழுதிவைத்து, வீடு திரும்பியபின் வர்ணம் தீட்டும் முறையை மூத்த அங்கத்தவர்கள் பொறுமையோடு கற்பித்தார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தவற்றில், சூரியனுக்கு முன்னே நின்றவர்கள் வெறும் கரிய உருவங்களாகிவிட்டார்கள். நேரில் வரைந்தவற்றிலோ அம்மம்மாவின் சேலைக்கரைச் சிவப்புக்கூட விடுபடவில்லை. நேரில் வரைவதற்கு ஈடான பயிற்சி வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

கடலோர ஈரக்காற்றில் நீர்வர்ணம் காயத் தாமதமாகும். முதற்பூச்சு காயுமுன் அடுத்ததைத் தீட்டினால் நிறங்கள் கலங்கிவிடும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தாள் அதிகம் நெளியாது. ஆனால் அதன் விலை அதிகம் என்பதால், அன்றாடப் பயிற்சிக்குச் சாதாரணக் கொப்பியே போதும்.

1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ ஓவியர்களின் படைப்புகளைக் காணப் பிள்ளைகளுடன் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் மன்றத்துக்குச் சென்றோம். அக்குழுவைச் சேர்ந்த ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லமே அது. வசிப்பதற்கான அறைகளிலேயே ஓவியங்கள் தொங்குவதைக் கண்ட சிறுவர்கள் அங்கேயே கொப்பியைத் திறந்து அமர்ந்தது இவ்வாண்டில் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்த நிகழ்வாகும்.

ஒரே காட்சியைப் பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியே வரைந்து, இரண்டையும் அருகருகே வைக்கும் கண்காட்சியொன்றை வரும் ஆண்டில் நடத்தச் செயற்குழு முன்மொழிகிறது. இதற்கு இணங்கும் குடும்பங்கள் தமது பெயர்களை இக்கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்