புத்தரிக்கு முன் வீட்டில் ஒரு கதை

அன்புள்ள பெற்றோர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் புத்தரி என்னும் புது நெல் அறுவடைத் திருவிழா வந்துவிடும். புத்தூர்வயலில் கதிர் அறுத்து, மேளம் முழங்கக் கோவிலுக்குக் கொண்டுபோவதை நம் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நம்பாலாகோட்டைக் கோவிலில் வேட்டைக்கொருமகன் சாமி எப்படி வந்து அமர்ந்தார் என்று கேட்டால், "செல்போனில் பார்த்துச் சொல்றேன் சார்" என்கிறார்கள். அதில் கிடைப்பது, சிவனும் பார்வதியும் வேடர் உருவில் இருந்தபோது பிறந்த பிள்ளை என்கிற கதை. நல்ல கதைதான். ஆனால் நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வது அதோடு நின்றுவிடுவதில்லை.

பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், மவுண்டாடன் செட்டி என்று ஒவ்வொரு குடியும் இந்த மண்ணின் கதையைத் தன் வழியில் சொல்லும். மலைக்குக் கீழே கேரளத்து நிலம்பூர் கோவிலகத்தாருக்கும் (அரச குடும்பத்தாருக்கும்) வேட்டைக்கொருமகன்தான் குலதெய்வம். நம்பாலாகோட்டையிலிருந்துதான் சாமி தங்களிடம் வந்தது என்று அங்கே சொல்வார்கள். கூடலூர்ப் பகுதியே 1877-இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது. இன்று கேரளமும் கர்நாடகமும் நமக்கு எல்லை. கதைகளுக்கு அந்தச் சோதனைச்சாவடி எதுவும் கிடையாது.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் "எங்களுக்கு இங்கே கதை இல்லை" என்று சொல்வது எனக்குப் பெரிய வருத்தம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் மாரியம்மனையும், மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தன. ரதி அழுகிற பாட்டு தெரிந்த தாத்தா இன்னும் லைனில் இருந்தால், அவர் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் இரவுச் சோற்றுக்குப் பிறகு டிவியை நிறுத்திவிட்டு, கோவில் கதை ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற மொழியிலேயே சொல்லுங்கள். பணிய மொழியானாலும் சரி, மலையாளமோ கன்னடமோ ஆனாலும் சரி. பிள்ளை அதைக் கேட்டபடியே நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வரட்டும். இரண்டு வீட்டுக் கதை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது சரி என்று பள்ளியில் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். இரண்டையும் எழுதி வைப்போம். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் போனால் கதை யாருடையது என்றே பிறகு தெரியாது.

வெளியே சொல்லக்கூடாத முறைகள் உங்கள் குடியில் இருந்தால் அவற்றை அனுப்ப வேண்டாம். அவை உங்களிடமே இருக்கட்டும்.

புத்தரிக்குப் போகும் பிள்ளைகள் முந்தைய நாளே வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும். விட்டுப்போன பாடத்தை மறுநாள் நடத்திவிடுவோம்.

வெள்ளிக்கிழமை மதியம் கதை சொல்லப் பெரியவர்கள் யாராவது பள்ளிக்கு வர முடிந்தால் மிக்க மகிழ்ச்சி. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது என்றால் சனிக்கிழமையும் வைத்துக்கொள்ளலாம். யானை நடமாட்டம் இருப்பதால் பொழுது சாயும் முன்பே முடித்து, பெரியவர்களை ஜீப்பில் வீடு சேர்ப்பது பள்ளியின் பொறுப்பு.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கூடலூர் வட்டம்