பாப்பாவின் இடது கண்

அன்புள்ள கவிதாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பாப்பாவின் வலது கண்ணில், அந்த நல்ல கண்ணை மூடி ஒட்டும் பேட்ச் இல்லை. "ஒட்டினாலே அழுறாம்மா. கண்ணாடிதான் போட்டிருக்காளே, அது போதாதா?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

பாப்பா மாதிரியே எனக்கும் இடது கண்ணில் பார்வை மங்கல், 'சோம்பேறிக் கண்' என்பார்களே, அதுதான் என்று உனக்குத் தெரியும். அது எப்படித் தெரியவந்தது என்று நான் சொன்னதில்லை. 23 வயதில், வேலையில் சேர்வதற்கு முன் நடந்த பரிசோதனையில் வலது கண்ணை மூடச் சொன்னார்கள். டாக்டர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மேலே இருந்த பெரிய எழுத்து தெரிந்தது. கீழே போகப் போக எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குழம்பின. அதே எழுத்தைத் தனியாகக் காட்டினால் சொல்ல முடிந்தது, வரிசையில் முடியவில்லை. "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா, சின்ன வயசுலேயே பார்த்திருக்கணும்" என்றார். குறையில்லாத கண் ஏன் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம், கண் ஒரு கேமரா மாதிரி என்றுதான் வகுப்பில் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகுதான் மீதியைத் தேடிப் படித்தேன். விழித்திரையில் விழுவது தலைகீழ்ப் படம். அது படமாக மூளைக்குப் போவதும் இல்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் மின்துடிப்புகளாக அதை எடுத்துப் போகின்றன. போய்ச் சேரும் இடம் தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே. பார்ப்பது என்ற வேலை அங்கேதான் நடக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது என்று 1958-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். பூனையின் மூளையில் ஒரே ஒரு செல்லைக் கவனித்தபடி, புள்ளி வைத்த கண்ணாடிச் சில்லுகளை ஒரு கருவியில் செருகிப் பூனையின் கண்ணுக்குக் காட்டினார்கள். புள்ளிக்கு அந்தச் செல் அசையவே இல்லை. சில்லைச் செருகும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் கோடாக நகர்ந்ததே, அதற்குப் படபடவென்று துடித்தது. அதுவும் கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருந்தால்தான். இப்படிச் சாய்வுக்கு ஒரு செல்லாக, கோடுகளைச் சேர்த்துத்தான் மூளை பார்வையைத் தொடங்குகிறது.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் அடுத்துச் செய்தது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரம் தைத்து மூடிவிட்டுப் பிறகு திறந்தார்கள். (படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.) கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லை. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாப்பாவின் கண்ணை யாரும் தைக்கவில்லை. ஆனால் இடது கண்ணில் பவர் அதிகம் என்பதால் அதிலிருந்து இத்தனை நாளும் மங்கலான படம்தான் போயிருக்கிறது. தெளிவாக ஒன்றும் மங்கலாக ஒன்றும் வந்தால் மூளை தெளிவானதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். கண்ணாடி இப்போது படத்தைத் தெளிவாக்குகிறது. சில பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆனால் சில மாதம் கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகும் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால்தானே உங்கள் டாக்டர் பேட்ச் போடச் சொன்னார்? நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் மூடினால், மூளைக்கு இடது கண்ணைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பாப்பாவுக்கு 5 வயது. பெரிய பிள்ளைகளுக்கும் ஓரளவு பலன் உண்டு என்றாலும், 7 வயதுக்குள் என்றால் நன்றாகவே திரும்பும். பள்ளி லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே.

அவள் அழுவது வீம்பு இல்லை, கண்ணு. நல்ல கண்ணை மூடியதும் அவளுக்கு உலகமே மங்கிவிடுகிறது. எனக்கு அது தெரியும். திட்டாதே, பக்கத்தில் உட்கார். கலர் அடிக்கட்டும், பாசிமணி கோக்கட்டும், நேரம் போய்விடும். கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாளா என்று கவனி, பேட்ச் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் போடவும் வேண்டாம், நல்ல கண் தளர்ந்துவிடக் கூடாது. செக்கப்பைத் தவற விடாதே.

நான் டபராவை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துத்தான் காப்பி ஊற்றுவேன், பார்த்திருப்பாய். இரண்டு கண்ணும் காட்டும் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தை நுணுக்கமாகக் கணக்கிடும். எனக்கு அந்தக் கணக்கு வராது. இன்றைக்கும் ஊசியில் நூல் கோத்துத் தருவது அப்பாதான். இது பாப்பாவுக்கு வேண்டாம்.

பாசிமணியும் கலர் நூலும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் 5 மணிக்கு வீடியோ கால் போடு. நானும் வலது கண்ணில் ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன். பாட்டியும் பேத்தியும் ஆளுக்கு ஒரு மாலை கோக்கிறோம் என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
அம்மா