கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது பற்றி நான்காம் முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓடைக்கரைத் தெரு கரும்பு விவசாயிகள்,
ஆலைக்குக் கிழக்கே, ரயில்வே கேட் அருகில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: சர்க்கரை ஆலையின் எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் சாராயம்) பிரிவின் கழிவுநீர் ஓடையில் விடப்படுவதால் குடிநீர்க் கிணறு கெட்டது – கழிவை நிறுத்தவும், குடிநீர் வழங்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தை, சித்திரை, ஆடி மாதங்களில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

பொங்கல் விளையாட்டு விழாவுக்குத் தாங்கள் வந்திருந்த சமுதாயக்கூடத்துக்குப் பின்னால், இரண்டாவது பாலத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. அன்றைக்கே தங்களுக்கு வாடை அடித்திருக்கும். வெல்லம் தீய்ந்து, பிறகு அழுகினால் எப்படியோ அப்படி ஒரு வாடை. விழாவுக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

1. முதலில் ஒன்று. நாங்கள் ஆலைக்கு விரோதிகள் இல்லை. போன கூட்டத்தில் ஓர் அதிகாரி, "அப்போ ஆலையை மூடிடலாமா?" என்று கேட்டதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து எங்களுடையது பதிவுக் கரும்பு, அதாவது இந்த ஆலைக்கென்றே பதிந்து வளர்ப்பது. கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. சர்க்கரை மட்டும் காய்ச்சிய நாளில், குடோனில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது என்று சொல்லி ஒன்றரை வருடம் எங்களை அலைய விட்டார்கள். எத்தனால் வந்த பிறகு எண்ணெய் நிறுவனங்களின் பணம் ஆலைக்குச் சீக்கிரம் வருகிறது, எங்கள் நிலுவையும் பெரும்பாலும் தீர்ந்தது. வங்கியில் வைத்த நகையைத் திருப்பினேன். அதை மறைத்து மனு எழுதினால் பாவம்.

2. நாட்டுக்கும் இது தேவைதான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030 வரை என்று இருந்த கெடுவை 2025-க்கு இழுத்தார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும் என்கிறார்கள், சரி. வண்டி மைலேஜ் குறைகிறது என்று பையன்கள் முணுமுணுக்கிறார்கள், அது வேறு கதை.

3. எங்கள் கதை கழிவுநீர். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கழிவு வரும். கறுப்பும் காவியுமாக, டிகாக்ஷன் மாதிரி. இதை வெளியே ஒரு சொட்டுகூட விடக்கூடாது, சுண்டக் காய்ச்சி பாய்லரில் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஸ்மட்டோடு (கரும்புச் சாறு வடிகட்டியதில் மிஞ்சும் கசடு) சேர்த்து உரமாக்க வேண்டும். எரித்த சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது; வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வரவழைக்கும் உரம் அது. முறையாகச் செய்தால் ஆலைக்கே லாபம். ஆனால் காய்ச்சுவதற்குச் செலவாகும். ஓடையில் விடுவதற்குச் செலவே இல்லை. மழை பிடித்த இரவுகளில் கழிவைத் தேக்கி வைக்கும் குட்டையின் கரை "தானாக" உடைகிறது. அய்யா, மழை இல்லாத மாசி மாதத்திலும் இரண்டு முறை உடைந்தது. விடிந்து பார்த்தால் ஓடை முழுக்க நுரை, கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன.

ஓடையிலிருந்து நாற்பது அடியில் எங்கள் தெருக் கிணறு. 23 வீட்டுக்கும் அதுதான். வாளியில் தண்ணீர் பிடித்து இரவு வைத்தால் காலையில் உள்பக்கம் காவி வளையம் படிந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. சோறு வடித்தால் பழுப்பு. வெள்ளை வேட்டியைத் துவைத்தால் அதுவும் பழுப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முழங்கை மடிப்பில் சொறி ஆறுவதே இல்லை. பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் விடியற்காலை பஸ் ஸ்டாப் குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் குழாயும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மற்ற நாளில் கேன் தண்ணீர். நூறுநாள் வேலைக்குப் போகும் வீட்டில் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு அரிசிக்கு யோசிக்கிறார்கள்.

4. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

5. தை மாத மனுவுக்கு, "நீர் மாதிரி எடுக்கப்பட்டது, முடிவு வந்தபின் நடவடிக்கை" என்று பதில். மாதிரி எடுத்தது எங்கே? ஆலை கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை போர்வெல்லில்! மேட்டில் இருக்கும் போர்வெல் அது. சித்திரை மனுவுக்கு, எங்கள் தெருவிளக்கு சரிசெய்யப்பட்டதாக போனில் குறுஞ்செய்தி. நாங்கள் தெருவிளக்கே கேட்கவில்லை. ஆடி மாதம் நான் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தேன். மேசையில் இருந்தவர் மூடியைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார், "இதை வெளியே வைங்க" என்றார். அவரால் ஒரு நிமிடம் முகர முடியாததை வைத்து நாங்கள் சமைக்க வேண்டுமா? அந்த மனுவும் "முடிக்கப்பட்டது" என்று செய்தி வந்துவிட்டது. எது முடிந்தது அய்யா?

ஒரு லிட்டர் எத்தனாலைக் கரும்பிலிருந்து எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எங்கள் மோட்டார் இறைத்தது. நிலத்தடித் தண்ணீரைக் கரும்புக்குக் கொடுத்தோம், கரும்பை ஆலைக்குக் கொடுத்தோம், ஆலை பெட்ரோலுக்குக் கொடுத்தது. கடைசியில் எங்களுக்குத் திரும்பி வந்தது இந்தக் கழிவு ஒன்றுதான். கரும்புக்கு வந்த பணத்தில் கேன் தண்ணீர் வாங்கவா நாங்கள் பாடுபட்டோம்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் மேல் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எங்கள் கிணற்றிலேயே, எங்கள் முன்னிலையிலேயே மாதிரி எடுக்க வேண்டும். குட்டைக் கரையைத் தாங்கள் ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், இரவில் வந்து பார்க்க வேண்டும். அதுவரை தினமும் ஒரு டேங்கர் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் அய்யா. மற்றதெல்லாம் பிறகு வரட்டும், முதலில் தண்ணீர் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓடைக்கரைத் தெரு மக்கள்
(23 வீட்டார் கையொப்பம், கைரேகை பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல், கிணற்றுத் தண்ணீர் பாட்டில் 1 – தயவுசெய்து இந்த முறை வெளியே வைக்க வேண்டாம்.