டயலில் இருந்து பல்ஸை எடுத்துவிடு

கும்பகோணம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள கணேசா,

உனக்கு இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த சேதி பஷீர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அதுவும் அவன் வேறு எதற்கோ போன் செய்து, வைக்கப்போகும் நேரத்தில் "கணேசன் இப்ப பரவாயில்லையாம்" என்றான். இப்போது பரவாயில்லை என்றால் முன்னே என்னடா என்று நான் பதறிக் கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நான் எழுதி மாதக்கணக்காகிறது என்று நீ திருப்பிக் கேட்பாய். கேள். ஆனால் கடிதம் போடாததும் நெஞ்சு வலியை மறைத்ததும் ஒன்றாகிவிடாது.

இங்கே எல்லோரும் நலம். விஜயாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. கடையும் அப்படியே.

சரி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். செல்வி டொரன்டோவிலிருந்து அனுப்பிய சாம்சங் வாட்சைக் கட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். வாட்ச் அருமை. அதில் நீ வைத்திருக்கும் டயல்தான் சகிக்கவில்லை. பல்ஸ், நடந்த அடிகள், கலோரி, வெயில், மழை, பாட்டரி, தேதி, இது போதாதென்று ஓரத்தில் சிவப்பாக ஒரு வளையம். இத்தனைக்கும் நடுவில் மணி என்ன என்று நான் போட்டோவைப் பெரிதாக்கித் தேடினேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பெயரெல்லாம் போட்டுவிட்டுப் பெண் மாப்பிள்ளையைத் தேடவிடுகிற கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

எங்கள் வாட்ச் ரிப்பேர்த் தொழிலில் மணி, நிமிடம், நொடி தவிர டயலில் வருகிற எல்லாவற்றுக்கும் காம்ப்ளிகேஷன் என்று பெயர். அந்தப் பெயரைத்தான் இந்த ஸ்மார்ட்வாட்ச்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பழைய வாட்சில் தேதி ஒன்று சேர்க்க வேண்டுமானால் சக்கரம் சேர்க்க வேண்டும், தடிமன் கூடும், விலை கூடும், பழுது கூடும். அதனால் வரைகிறவன் யோசித்துத்தான் சேர்த்தான். எச்எம்டியில் கிழமைக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சக்கரம் வந்ததே, அதைக் கழற்றி மாட்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். உன் வாட்சில் ஒன்றைச் சேர்க்க ஒரு விரல் போதும். செலவே இல்லை என்பதால் எட்டைச் சேர்த்துவிட்டாய். எட்டும் உன்னைப் பார்க்கக் கூப்பிடுகின்றன, அதுதான் கூலி.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், கிண்டலை நிறுத்திவிட்டு. அந்தப் பல்ஸை டயலில் இருந்து எடுத்துவிடு. இன்றைக்கே எடு.

ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் கடைக்கு ஒருவர் வந்தார். உன் வயதுதான், உன்னைப் போலவே ஸ்டென்ட் வைத்தவர். வாட்சில் கோளாறு என்றார். நாடி 54 என்று காட்டுகிறதாம், அறுபதுக்குக் கீழே போகக்கூடாதே, சென்சாரை மாற்ற முடியுமா என்றார். அவருடைய மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தால் பீட்டா பிளாக்கர் எழுதியிருக்கிறது. துடிப்பைக் குறைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அனுப்பினேன். டாக்டரும் அதையே சொன்னாராம். அந்த மனிதர் அதுவரை ராத்திரி எழுந்து எழுந்து மணிக்கட்டைப் பார்த்திருக்கிறார். பார்த்தால் பயம், பயந்தால் துடிப்பு ஏறும், ஏறினால் மறுபடி பார்க்க வேண்டும். நல்ல இருதயத்தைக்கூடக் கலக்கிவிடும் இந்த வேலை. உன்னை எனக்குத் தெரியாதா? சிக்னல் பச்சை விழுந்த பிறகும் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பவன் நீ.

இன்னொன்று, அந்த எண்ணே எல்லா நேரமும் சரியாக இருக்காது. வாட்சின் முதுகில் பச்சையாக மினுக்குகிறதே, அந்த ஒளி தோலுக்குள் போய் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. ஸ்ட்ராப் தளர்ந்தாலோ கையை வீசினாலோ கணக்கு தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொள என்றும் இல்லாமல் கட்டு. நீ போட்டோவில் வளையல் மாதிரி தொங்கவிட்டிருக்கிறாய்.

பல்ஸைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டயலில் காட்டாமல் வாட்ச் உள்ளுக்குள் அளந்துகொண்டே இருக்கட்டும். சாம்சங் ஹெல்த் ஆப்பில் போய்ப் பார், தொடர்ந்து அளக்கலாம், அசையாமல் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கலாம், கேட்டால் மட்டும் அளக்கலாம் என்று மூன்று வழி இருக்கும். எச்சரிக்கைக்கும் அங்கேயே இடம் உண்டு. மேலே எந்த எண், கீழே எந்த எண் என்று உன் டாக்டரிடம் கேட்டு வைத்துவிடு. தாண்டினால் அதுவே கூப்பிடும். அடுத்த முறை போகும்போது போனில் இருக்கும் வரைபடத்தை டாக்டரிடம் காட்டு, அவருக்கு அது உதவும். ஆனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற வேலை இந்த வாட்சுக்குக் கிடையாது, செய்த கம்பெனியே அதைச் சொல்கிறது. நெஞ்சில் ஏதாவது செய்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, 108-ஐக் கூப்பிடு. அதற்குப் பிறகு எனக்கும் சொல். பஷீர் வழியாக வேண்டாம்.

அப்புறம், பல்ஸை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? உனக்கென்றே ஒரு டயல் யோசித்து வைத்திருக்கிறேன். போத்தனூரில் அத்தனை வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு விமானிகள் கட்டுகிற டயல் எதற்கு? சுவிட்சர்லாந்து ரயில் நிலையக் கடிகாரம் தெரியுமில்லையா, வெள்ளைத் தட்டில் தடித்த கறுப்புக் கோடுகள், எண்ணே கிடையாது. ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்று ஒருவர், உன்னைப் போல ரயில்வேக்காரர், அங்கே பொறியாளர். 1944-ல் அவர் வரைந்தது அது. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவருகிறவனுக்கும் மணி தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 1953-ல் சிவப்பு நொடி முள்ளைச் சேர்த்தார். அதன் நுனியில் ஒரு வட்டம். ரயிலைக் கிளப்ப அந்த ஊர் ஸ்டேஷன்காரர் தூக்கிக் காட்டும் வட்டத் தட்டைப் பார்த்துச் செய்தது. அந்த முள் சுமார் 58.5 நொடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு மேலே வந்து நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின் துடிப்பு வந்ததும் நிமிட முள் ஒரே தாவாகத் தாவும், நொடி முள் மறுபடி கிளம்பும். லைன் கிளியர்! இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு இங்கேயே தெரிகிறது.

2012-ல் ஆப்பிள் அதே டயலை ஐபேடில் கேட்காமல் போட்டது. சுவிஸ் ரயில்வே விடவில்லை, கடைசியில் உரிமம் வாங்க வைத்தது. ரயில்வேக்காரனிடம் யாரும் டிக்கெட் இல்லாமல் போக முடியாது.

அந்த ஜாடையில் ப்ளே ஸ்டோரில் நிறைய டயல் கிடைக்கும். ஒன்று மட்டும் பார்த்து எடு: உன்னுடையது ஓலெட் திரை. அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரிவதே இல்லை. வெள்ளைத் தட்டு வைத்தால் திரை முழுக்க எரியும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அதனால் கறுப்புத் தட்டில் வெள்ளைக் கோடு போட்டதை எடு, சிவப்பு முள் அப்படியே இருக்கட்டும். எப்போதும் தெரிகிற மாதிரி வைத்தால் பெரும்பாலான டயல்களில் நொடி முள் மறைந்துவிடும், நிமிடத்துக்கு ஒருமுறைதான் திரை மாறும். அதைக் கோளாறு என்று நினைத்து எனக்குப் போன் செய்யாதே. ராத்திரி அதை அணைத்துவிடு, இருட்டில் படுக்கையறை முழுக்க மணி காட்ட வேண்டியதில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடு. இந்த டயல்களை வரைகிறவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து வயது இருக்கும் போல, கறுப்பில் சாம்பல் நிறத்தில் எறும்பு எறும்பாக எழுதுகிறான்கள். நமக்கு வெள்ளெழுத்து வந்து எத்தனை காலமாயிற்று! போனை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் தேர்ந்தெடுத்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வெயிலில் தெருவுக்குப் போய், கையை நீட்டி, ஒரே பார்வையில் மணி தெரிகிறதா என்று பார். தெரியாததை அழித்துவிடு.

காம்ப்ளிகேஷன் மூன்றுக்கு மேல் போகாதே. கீழே டொரன்டோ நேரம், உனக்குப் பழக்கமான இருபத்துநான்கு மணிக் கணக்கிலேயே. கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அந்த அரை மணியில் நீ ஒவ்வொரு தடவையும் சறுக்கி செல்வியைத் தூக்கத்தில் எழுப்புவதை அவளே விஜயாவிடம் சொல்லிச் சிரித்தாள். வாட்ச் அனுப்பியதற்கு அதுதான் உண்மையான காரணமோ என்னவோ. இடதுபுறம் தேதி. வலதுபுறம் அடுத்த நினைவூட்டல் வைத்துக்கொள், மாத்திரை நேரம் அதில் வரட்டும்.

நிலா வடிவம் காட்டுகிற டயல்களும் இருக்கின்றன. அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ஆகுமே என்று ஆசைப்படுவாய். ஆகாது. அது நிலவின் வடிவத்தைத்தான் காட்டும், திதி எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று சொல்லாது. பஞ்சாங்கம் சுவரிலேயே தொங்கட்டும்.

அடி எண்ணிக்கை வேண்டுமானால் உள்ளே போய்ப் பார்த்துக்கொள். பத்தாயிரம் என்பது மருத்துவ ஆராய்ச்சியில் கண்டுபிடித்த எண் இல்லை, 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகப் பிறந்தது. உன் டாக்டர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு நட.

ரோலக்ஸ் கிரீடம் போட்ட டயலை இலவசமாகத் தருகிறான்கள் என்று எடுத்துவிடாதே. வாழ்நாள் முழுக்கப் போலி டயலை அடையாளம் சொல்லிப் பிழைத்தவனின் நண்பன் கையில் அது இருக்கக்கூடாது. மணி காட்டுவதற்கு உன் தொடர்பு எண்களைக் கேட்கிற எதையும் சேர்க்காதே.

மாற்றுவது எப்படி என்று தெரியாவிட்டால் டயலை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி, பக்கவாட்டில் தள்ளு, பிடித்தது வந்ததும் தொடு. ஒவ்வொரு மூலையிலும் என்ன வர வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். சேதுவின் பேரன் பக்கத்து வீட்டில்தானே இருக்கிறான், அவனிடம் கொடுத்தால் நீ காபி குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுவான்.

பஷீர் பெண்ணின் நிக்காஹ்வுக்கு நானும் விஜயாவும் கோவை வருகிறோம். உன் வாட்சின் ரப்பர் ஸ்ட்ராப் எனக்குப் பிடிக்கவில்லை, நல்ல தோல் ஸ்ட்ராப் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நடைக்குப் போகும்போது ரப்பரே இருக்கட்டும், வியர்வையில் தோல் நாறிவிடும். மாடல் எண் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்து எழுது. எல்லா மாடலுக்கும் ஒரே மாட்டல் கிடையாது.

பல்ஸுக்கு மேலே கீழே எந்த எண் வைக்கச் சொன்னார் என்று டாக்டரிடம் கேட்டு அதையும் எழுது. புது டயலோடு ஒரு போட்டோவும் வரட்டும்.

உன்
நடராஜன்