எந்தக் கிருமி என்று பாராமல் எதற்கு மாத்திரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நுண்ணுயிரிகள் பற்றி வெளிவந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்று வகை பிரித்துச் சொன்னது நன்று. ஆனால் அந்த வகைகள் தேர்வில் எழுதுவதற்கு மட்டும் உரியவை அல்ல. மருந்துக் கடைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று உண்டு: மதுரைக் கால். 1842இல் இங்கே மருத்துவராக இருந்த ஜான் கில் அதைப் பதிவு செய்தார். வெறுங்காலோடு வயற்காட்டில் உழைப்பவர்களுக்கு முள் தைத்த இடத்தில் தொடங்கும். பெரிதாக வலிக்காது, அதனாலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பாதம் வீங்கி, அங்கங்கே புரையோடி, சீழோடு பொடிப் பொடியாகக் குருணைகள் வெளிவரும். ஏழை உழவர்களின் இந்த நோயை உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016இல்தான்.

பார்வைக்கு எல்லாக் கால்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிலருக்குக் காரணம் பூஞ்சை, சிலருக்கு பாக்டீரியா. குருணையைக் கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்போம். கறுப்புக் குருணை என்றால் அநேகமாகப் பூஞ்சை. சிவப்பு என்றால் அநேகமாக பாக்டீரியா. வெள்ளைக் குருணை வந்தால்தான் சிக்கல், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது இழையின் பருமனைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத், தாண்டாது. பூஞ்சை இழை அதைவிடப் பருத்து, குறுக்குச் சுவர்களோடு தெரியும். பாக்டீரியா என்றால் அதை ஒடுக்கும் மருந்தான ஆன்டிபயாடிக் கேட்கும். பூஞ்சைக்கு அது பயன்படாது. வேறு மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், பலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். வகையைக் கண்டுபிடிக்கத் தவறினால் காலையே எடுக்க நேரிடலாம்.

காய்ச்சலுக்கும் இதே நியாயம்தான். ஆனால் நடப்பது என்ன? தொண்டை வலி என்று சொன்ன மாத்திரத்தில், சீட்டு கேட்காமல், அட்டையிலிருந்து அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்றைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. சளியும் தொண்டை வலியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைத் தகர்க்கின்றன. அசித்ரோமைசின் அதன் புரத உற்பத்தியை முடக்குகிறது. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தப் புரத உற்பத்தியும் கிடையாது. பிறகு அந்த மாத்திரை எதைத் தாக்கும்? குடலில் நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களைத்தான். மருந்துக்கு அடங்காதவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன.

மலேரியா இன்னொரு வகை. அதற்குக் காரணம் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. சாயமேற்றிய இரத்தப் பூச்சில், சிவப்பணுவுக்குள் சிறு மோதிரம்போல் கண்ணில் படும். அதற்குரிய மருந்தே தனி. டெங்கு வைரஸை எங்கள் நுண்ணோக்கியில் பார்க்கவே முடியாது. இரத்தத்தில் அதன் புரதத்தையோ, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையோ தேடித்தான் அறிய வேண்டும். நோயாளிக்கோ பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றும் வெறும் ‘காய்ச்சல்’.

இன்னொன்றையும் மாணவர் பக்கத்தில் எழுதுங்கள். இரத்தம், சிறுநீர், சீழ் எதுவானாலும், கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வரும், காய்ச்சலோ விடாது. அப்படிப்பட்ட தட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை.